அமெரிக்காவின் இரு கட்சி முறைக்கு வெளியே நிற்கும் சுயேச்சைகளை எப்படி ஆதரிப்பது?

தொடுவானம்

வணக்கம். கடந்த ஆண்டுக் கோடையில், எங்கள் மாநிலச் சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நிற்க முன்வந்த ஒருவருக்காக 5 வார இறுதிகள் கையொப்பம் திரட்டினேன். நூலக வாசலில், மகனுடைய பரீட்சை அட்டையில் மனுத்தாளைச் செருகிக்கொண்டு, போவோர் வருவோரிடம் பேசியதுதான் என் வேலை. நின்று கேட்டவர்களில் பெரும்பாலோர் மறுக்கவில்லை. “இரண்டு கட்சியும் அலுத்துவிட்டது, கொடுங்கள்” என்று பேனாவை வாங்கியவர்களே அதிகம். ஆனால் நாங்கள் ஒப்படைத்த கையொப்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடியாயிற்று. வீடு மாறியபின் வாக்காளர் பதிவைப் புதுப்பிக்காதவர்கள், ஒரு கவுண்டிக்குரிய (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) தாளில் பக்கத்துக் கவுண்டியிலிருந்து வந்து கையொப்பமிட்டவர்கள், பதிவில் உள்ள முழுப் பெயரை எழுதாமல் சுருக்கி எழுதியவர்கள் என்று காரணங்கள் நீண்டன. ஒரு தாள் முழுவதுமே செல்லாமல் போனது. அதன் அடியில் இருந்த உறுதிமொழியில் நான் தேதி எழுத மறந்திருந்தேன். அந்தத் தாளில் 18 பேர் இருந்தார்கள். எங்களுக்குக் குறைந்த கையொப்பங்கள் 26. வேட்பாளரின் பெயர் வாக்குச்சீட்டில் வரவில்லை.

என் கேள்வி இதுதான். தம்மைச் சுயேச்சையான வாக்காளர் என்று கூறிக்கொள்ளும் அமெரிக்கர்கள் கேலப் கருத்துக்கணிப்புகளில் 40 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கிறார்கள். ஆயினும் 2025 ஜனவரியில் பதவியேற்ற காங்கிரஸின் 535 உறுப்பினர்களில் சுயேச்சைகள் இருவர் மட்டுமே, இருவரும் செனட்டில்: வெர்மான்ட்டின் பெர்னி சாண்டர்ஸ், மேய்னின் ஆங்கஸ் கிங். இந்த இடைவெளியைக் குறைக்க விரும்பும் ஒருவர் தம்முடைய நேரத்தையும் பணத்தையும் எங்கே செலவிட வேண்டும்? குடியுரிமை பெற்று இங்கேயே வாக்களிக்கும் நம்மவர்கள் பலர் இந்தத் தளத்தில் இருப்பதால் கேட்கிறேன்.

கணக்கன்

தொடுவானம் அவர்களே, 18 கையொப்பங்களை எண்ணி வருந்தாதீர்கள். மற்ற 8 பேரையும் சேர்த்துத்தான் அந்தப் பெயர் சீட்டில் வந்திருக்க முடியும். ஆனால் நான் சொல்லப் போவது உங்களுக்குப் பிடிக்காது.

பெயர் சீட்டில் வந்துவிட்ட பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். 1992-இல் ராஸ் பெரோ என்ற தொழிலதிபர் சுயேச்சையாக அதிபர் தேர்தலில் நின்றார். கையில் பணம் இருந்தது. ஜனநாயகக் கட்சியின் கிளிண்டனோடும், அப்போது அதிபராக இருந்த குடியரசுக் கட்சியின் மூத்த புஷ்ஷோடும் ஒரே மேடையில் விவாதிக்கும் வாய்ப்பும் கிடைத்தது. ஏறத்தாழ 1 கோடியே 97 லட்சம் பேர், அதாவது வாக்களித்தவர்களில் 18.9 விழுக்காட்டினர், அவருக்கு வாக்களித்தார்கள். ஆனால் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலங்களின் தேர்வாளர்கள்; அவருக்குக் கிடைத்த தேர்வாளர் வாக்குகள் பூஜ்யம். ஏனெனில் 48 மாநிலங்களில் முதலில் வருபவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் போய்ச் சேருகிறார்கள். நாடெங்கும் பரவலாக ஆதரவு பெற்று எங்கும் முதலிடம் பெறாதவருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. ஒருவேளை அவர் சில மாநிலங்களை வென்று யாருக்கும் பெரும்பான்மைக்கு வேண்டிய 270 தேர்வாளர் வாக்குகள் கிடைக்காமல் செய்திருந்தால், அரசியலமைப்பின் 12-ஆவது திருத்தத்தின்படி முடிவு பிரதிநிதிகள் அவைக்குப் போயிருக்கும். அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு. அந்த அவையில் இருப்பவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

2000-இல் ரால்ப் நேடர் நின்றது பசுமைக் கட்சியின் சார்பில் என்றாலும் கணக்கு ஒன்றுதான். புளோரிடாவில் அவருக்கு 97,488 வாக்குகள்; குடியரசுக் கட்சியின் இளைய புஷ் அங்கே ஜனநாயகக் கட்சியின் அல் கோரை வென்றது 537 வாக்குகளில். தாம் விரும்பிய இரண்டாமவரையும் தோற்கடித்து, தாம் சற்றும் விரும்பாத ஒருவரை வெல்ல வைத்த வாக்காளர்கள் அந்த 97,488 பேரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர்களைக் குற்றம் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் ஒரு தொகுதிக்கு ஒரு உறுப்பினர், அதிக வாக்குப் பெற்றவருக்கே வெற்றி என்ற விதி இருக்கும் இடத்தில் போட்டி இரண்டு பேருக்குள் சுருங்குவது இயல்பு என்று பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் டியூவெர்ஜே எழுதி 70 ஆண்டுகளுக்கு மேலாகிறது. மூன்றாமவர் ஓட்டைப் பிரிப்பவராகவே முடிகிறார்.

செங்காந்தள்

கணக்கன் ஐயா, நேடரைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். பெரோவை அதே வரிசையில் வைப்பது சரியன்று. வாக்குச்சாவடி வாசலில் எடுக்கப்பட்ட கணிப்பில், பெரோ இல்லாவிட்டால் யாருக்கு வாக்களித்திருப்பீர்கள் என்று கேட்டபோது அவருடைய வாக்காளர்கள் கிளிண்டனுக்கும் புஷ்ஷுக்கும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்தார்கள். அவர் யாரையும் தோற்கடிக்கவில்லை. மேய்னில் பதவியில் இருந்த அதிபரை முந்தினார், யூட்டாவில் கிளிண்டனை முந்தினார், இரண்டிலும் இரண்டாமிடம். பாதியில் விலகி மறுபடி வந்த ஒருவருக்கே இவ்வளவு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: ஜூலையில் போட்டியை விட்டு விலகிய அவர் அக்டோபர் தொடக்கத்தில்தான் திரும்பி வந்தார்.

அரை மணி நேரத் தொலைக்காட்சி நேரத்தைச் சொந்தப் பணத்தில் வாங்கி, வரைபட அட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மத்திய அரசின் பற்றாக்குறையை அவர் விளக்கினார். அதற்குப் பிறகு இரு கட்சிகளும் பற்றாக்குறையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. பதவி கிடைக்காமலே ஒரு பொருளை மேடைக்குக் கொண்டுவருவதும் அரசியல் வேலைதான்.

2000 முதல் அதிபர் விவாத மேடையில் ஏற, தேசியக் கணிப்புகளில் சராசரியாக 15 விழுக்காடு ஆதரவு வேண்டும் என்று விவாத ஆணையம் விதி வைத்தது. மேடை ஏறாமல் 15 விழுக்காடு எப்படி வரும்? 1992-இல் அந்த விதி இருந்து, விவாதங்களுக்குச் சற்று முன் எடுத்த கணிப்புகளை வைத்து முடிவு செய்திருந்தால் பெரோவே வெளியில் நின்றிருப்பார்.

சட்டப்பக்கம்

தொடுவானத்தின் அனுபவம் தற்செயலானதன்று. வாக்குச்சீட்டில் இடம்பெறும் விதிகளை எழுதுவது மாநிலச் சட்டமன்றங்கள். அந்தச் சட்டமன்றங்களில் அமர்ந்திருப்பது இரு கட்சிகள். இதைச் சதி என்று சொல்லும் அவசியமே இல்லை, தம் வசதிக்கேற்ப எழுதிக்கொண்டார்கள் என்றாலே போதும்.

சில எடுத்துக்காட்டுகள். 2024-இல் டெக்சாஸில் சுயேச்சை அதிபர் வேட்பாளர் ஒருவருக்கு 1,13,151 கையொப்பங்கள் தேவைப்பட்டன. கையொப்பமிடுபவர் அந்த ஆண்டின் பிரைமரி, அதாவது உட்கட்சித் தேர்தலில் வாக்களித்திருக்கவும் கூடாது. ஆக, மார்ச்சில் ஆர்வத்தோடு வாக்களித்த குடிமகனுடைய கையொப்பம் மே மாதத்தில் செல்லாது. ஜார்ஜியாவில் பிரதிநிதிகள் அவைக்கு நிற்கும் சுயேச்சை, தொகுதியின் பதிவு பெற்ற வாக்காளர்களில் 5 விழுக்காட்டினரின் கையொப்பத்தைத் திரட்ட வேண்டும் என்ற விதி 1943-இல் வந்தது; 1971-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. ஒரு தொகுதிக்கு அது இருபதாயிரத்தைத் தாண்டிப் போகிறது. பெரும்பாலான மாநிலங்களில், பிரைமரியில் தோற்றவர் அதே ஆண்டில் சுயேச்சையாக நிற்க வழியில்லை.

நீதிமன்றம் ஓரளவு கைகொடுத்ததும் உண்டு. ஒஹாயோவில் புதிய கட்சிகளுக்கு 15 விழுக்காடு கையொப்பம் கேட்ட விதியை 1968-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. சுயேச்சைகள் மார்ச் மாதத்திலேயே மனு செய்ய வேண்டும் என்ற அதே மாநிலத்தின் விதியை, 1980-இல் நின்ற ஜான் ஆண்டர்சன் தொடுத்த வழக்கில் 1983-இல் நீக்கியது. தீர்ப்பு வந்தபோது அவர் போட்டியிட்ட தேர்தல் முடிந்து மூன்றாண்டுகள் ஆகப் போயின. வழக்கு எப்போதும் அப்படித்தான், அடுத்தவருக்கே உதவுகிறது. இருந்தாலும் யாராவது அதைத் தொடுத்தாக வேண்டும். உங்கள் பணத்தை எங்கே கொடுப்பது என்று கேட்டீர்கள். என் விடையில் முதலிடம் இப்படிப்பட்ட வழக்குகளுக்கும் விதித் திருத்தங்களுக்கும்தான். விளம்பரப் பலகையில் போடும் பணம் நவம்பரோடு போய்விடும்.

தெற்குச்சிலுவை

ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதுகிறேன். உங்கள் நாட்டு விவாதத்தில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கன் ஐயா சொல்லும் ‘ஓட்டைப் பிரிப்பது’ என்ற அச்சம் இங்கே ஏன் பெரிய பொருளாக எழுவதில்லை என்பதைச் சொன்னால் பயன்படும் என்று நினைக்கிறேன்.

இங்கே கீழவைத் தேர்தலில் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் இட்டுத்தான் வாக்களிக்கிறோம். 1918 முதல் இதுதான் முறை. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவர் நீக்கப்பட்டு அவருடைய சீட்டுகள் அடுத்த விருப்பத்தின்படி மற்றவர்களுக்குப் போகும். சுயேச்சைக்கு 1 என்றும் நீங்கள் சகித்துக்கொள்ளக்கூடிய கட்சிக்கு 2 என்றும் எழுதலாம். சுயேச்சை தோற்றாலும் உங்கள் வாக்கு வீணாவதில்லை. விக்டோரியா மாநிலத்தின் இண்டி தொகுதியில் 2013-இல் கேத்தி மெக்கோவன் நின்றபோது முதல் விருப்பத்தில் அவருக்கு ஏறத்தாழ 31 விழுக்காடு, லிபரல் கட்சியின் உறுப்பினருக்கு ஏறத்தாழ 45. உங்கள் விதியின்படி அங்கேயே கதை முடிந்திருக்கும். மற்ற வேட்பாளர்களின் சீட்டுகள் பிரிக்கப்பட்டபோது மெக்கோவன் 439 வாக்குகளில் வென்றார். 2019-இல் அவர் ஒதுங்கிக்கொள்ள, ஹெலன் ஹேன்ஸ் என்ற இன்னொரு சுயேச்சை அதே தொகுதியை வென்றார். வேட்புமனுவுக்கு இங்கே 100 வாக்காளர்களின் முன்மொழிவும் கட்டுத்தொகையும் போதும். டெக்சாஸின் எண்ணிக்கையைப் படித்ததும் தவறாக அச்சாகிவிட்டதோ என்று இரண்டு முறை பார்த்தேன்.

ஆனால் விதி மட்டுமே வெற்றி தராது. இண்டியில் வேட்பாளர் யார் என்பதற்கு முன்பே சமையலறை மேசைப் பேச்சு என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். பின்னர் வேறு பல தொகுதிகளிலும் அது பரவியது. என் தொகுதியில் நானும் ஒன்றை நடத்தினேன். எட்டுப் பேர், இரண்டு மணி நேரம், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, எதையும் மறுத்து வாதாடக் கூடாது, ஒருவர் குறிப்பெடுக்க வேண்டும். ‘உங்கள் பிரதிநிதி எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்?’ என்பது முதல் கேள்வி. நாற்பது ஆண்டுகளாக ஒரே கட்சிக்கு வாக்களித்ததாகச் சொன்ன ஒரு பெரியவர், தம் முறை வந்தபோது வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை” என்றார். குறிப்பேட்டில் அந்த வரியை அப்படியே எழுதினேன்.

2022-இல் ஆறு புதிய பெண் சுயேச்சைகள் பெருநகர்களின் பாதுகாப்பான லிபரல் தொகுதிகளை வென்றார்கள். கூயோங் தொகுதியில் நிதியமைச்சரே ஒரு குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் தோற்றார். அவர்களில் பலருக்கு ஒரு பொது நிதியம் பணம் தந்ததை வைத்து ‘இது மறைமுகக் கட்சி’ என்று குற்றம் சாட்டப்பட்டது. 2025-இல் அந்த ஆறு தொகுதிகளில் ஒன்றை லிபரல் கட்சி மிகச் சிறிய வித்தியாசத்தில் மீட்டது. நிலையான வெற்றி என்று எதையும் சொல்ல முடியாது.

கணக்கன்

சகோதரி, உங்கள் விளக்கத்துக்கு நன்றி. அமெரிக்காவில் அந்த விதி இல்லை என்பதுதான் என் வாதத்தின் அடிப்படை. விதி வேறாக இருந்தால் என் முடிவும் வேறாக இருக்கும்.

வயல்வெளி

விதி மாறாமலும் ஒரு வழி இருக்கிறது: இரு கட்சிகளில் ஒன்று ஒதுங்கிக்கொள்வது. நெப்ராஸ்காவில் வசிக்கிறேன், எனவே அருகிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

2024-இல் டான் ஆஸ்பார்ன் செனட்டுக்குச் சுயேச்சையாக நின்றார். ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளி. 2021-இல் ஒமாஹாவின் கெல்லாக்ஸ் ஆலை வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர். ஜனநாயகக் கட்சிக்கு அந்தப் போட்டியில் வேட்பாளர் இல்லை. வென்றாலும் எந்தக் கட்சியின் அணியிலும் சேர மாட்டேன் என்று அவர் சொல்லிவந்தார். அதே நாளில் நெப்ராஸ்காவில் டிரம்ப் 20 விழுக்காட்டுப் புள்ளிகளில் வென்றார். ஆஸ்பார்ன் தோற்றது ஏழுக்கும் குறைவான புள்ளிகளில். குடியரசுக் கட்சியின் கோட்டை என்று எல்லாரும் ஒதுக்கி வைத்திருந்த மாநிலத்தில், கடைசி வாரங்களில் அந்தக் கட்சி வெளியிலிருந்து பணத்தைக் கொண்டுவந்து கொட்ட வேண்டியதாயிற்று. எங்கள் தெருவில் ஒரு வீட்டு முற்றத்தில் டிரம்ப் பலகையும் ஆஸ்பார்ன் பலகையும் அருகருகே நின்றன. அந்த வீட்டுக்காரரிடம் கேட்டபோது, தாமும் தொழிற்சங்கத்தில் முப்பது ஆண்டு இருந்தவர் என்று மட்டும் சொன்னார்.

இது புதிதன்று. 2014-இல் அலாஸ்காவில் பில் வாக்கர் என்ற சுயேச்சையும் ஜனநாயகக் கட்சியின் ஆளுநர் வேட்பாளரும் தனித்தனியே நின்றால் இருவரும் தோற்பார்கள் என்று கண்டு, செப்டம்பரில் ஒரே அணியானார்கள். வாக்கர் ஆளுநர், மற்றவர் துணை ஆளுநர். பதவியில் இருந்த ஆளுநர் தோற்றார். அதே ஆண்டு கான்சஸின் செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் விலக, சுயேச்சை கிரெக் ஆர்மன் நின்று 10 புள்ளிக்கு மேல் பின்தங்கித் தோற்றார். 2022-இல் யூட்டாவின் செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சி மாநாடு வேட்பாளரை நிறுத்தாமல் சுயேச்சை எவன் மெக்மல்லினுக்கு வழிவிட்டது. அவருக்கு ஏறத்தாழ 43 விழுக்காடு கிடைத்தது, போதவில்லை. நான்கில் ஒன்று வெற்றி. ஆனால் நான்கிலும் போட்டி என்ற ஒன்று இருந்தது. நம் மாநிலம் எப்படியும் அந்தப் பக்கம்தானே என்று வீட்டில் இருந்துவிடும் வாக்காளருக்கு அது சிறிய செய்தியன்று.

கணக்கன்

வயல்வெளி அவர்களே, ஒரு நேர்மையான கேள்வி. ஒரு பெரிய கட்சி ஒதுங்கிக்கொண்டு, அதன் வாக்காளர்கள் அனைவரும் வந்து சேர்ந்தால், அந்தச் சுயேச்சை உண்மையிலேயே சுயேச்சையா, அல்லது வேறு பெயரில் நிற்கும் கட்சி வேட்பாளரா? யூட்டாவிலும் நெப்ராஸ்காவிலும் எதிரணி சொன்னது இதைத்தான், அது வாக்காளர்களிடம் எடுபட்டது. வென்று அவைக்குள் போனால் குழுக்களில் இடம் கிடைப்பது கட்சி அணிகள் வழியாகத்தான். சாண்டர்ஸும் கிங்கும் ஜனநாயகக் கட்சி அணியோடுதான் அமர்கிறார்கள். பிறகு அந்தச் ‘சுயேச்சை’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

செங்காந்தள்

பொருள் இருக்கிறது, ஐயா. சாண்டர்ஸ் 1981-இல் பர்லிங்டன் நகர மேயர் பதவியை 10 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நகரில் நான்கு முறை வென்றபின்தான் 1990-இல் பிரதிநிதிகள் அவைக்குப் போனார். பிரைமரியில் யாரிடமும் அனுமதி கேட்டு அவர் வளரவில்லை. அவையில் எந்த அணியோடு அமர்கிறார் என்பது நிர்வாக ஏற்பாடு; யாரிடம் கடன்பட்டிருக்கிறார் என்பதே சுயேச்சைத் தன்மையைத் தீர்மானிக்கிறது. ஆங்கஸ் கிங்கும் அப்படித்தான்: 1994-இல் ஏறத்தாழ 35 விழுக்காட்டில் ஆளுநரானார், 1998-இல் 59 விழுக்காட்டில் மீண்டும் வந்தார். முதல் நான்கு ஆண்டுகளில் அவரைப் பார்த்தவர்கள்தான் இரண்டாவது முறை அந்த வேறுபாட்டைத் தந்தார்கள்.

அவை சரிபாதியாகப் பிரிந்திருக்கும்போது ஒரே ஒரு சுயேச்சையின் எடை என்ன என்பதை 2001 காட்டியது. செனட் 50–50 என்று இருந்தது. வெர்மான்ட்டின் ஜிம் ஜெபர்ட்ஸ் குடியரசுக் கட்சியை விட்டு விலகிச் சுயேச்சையாகி ஜனநாயகக் கட்சி அணியோடு அமர்ந்தார். குழுத் தலைவர்கள் அனைவரும் மாறினார்கள், அவையின் நிகழ்ச்சிநிரல் கைமாறியது. நூறு பேர் அவையில் மூன்று அல்லது நான்கு உண்மையான சுயேச்சைகள் இருந்து, யாரோடு அமர்வது என்பதற்கு நிபந்தனை விதிக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கட்சியும் பெரும்பான்மைக்காக அவர்களிடம் பேசியாக வேண்டும்.

கட்சி விட்டு வந்தவர்களையும் கட்சியில்லாமல் வளர்ந்தவர்களையும் நான் வேறுபடுத்தியே பார்க்கிறேன். 2022-இல் கிர்ஸ்டன் சினிமாவும் 2024-இல் ஜோ மான்சினும் செனட்டில் இருந்தபடியே சுயேச்சைகளாக மாறினார்கள். இருவரும் அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. அவர்களுக்கென்று தொகுதியில் கட்சி சாராத ஓர் அமைப்பு இல்லை. சகோதரி தெற்குச்சிலுவை சொன்ன அந்தச் சமையலறை மேசைதான் இங்கே இல்லாமல் போனது.

சட்டப்பக்கம்

விதி மாற்றம் பற்றிப் பேசும்போது மேய்னைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2010 ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் பால் லபாஜ் ஏறத்தாழ 38 விழுக்காட்டில் வென்றார். சுயேச்சை எலியட் கட்லர் ஏறத்தாழ 36. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மூன்றாமிடத்தில் 19. ஓட்டைப் பிரிப்பவர் யார் என்று பாருங்கள், கணக்கன் ஐயா: அந்தத் தேர்தலில் அது பெரிய கட்சியின் வேட்பாளர்.

அந்த ஆத்திரம்தான் 2016-இல் மக்கள் வாக்கெடுப்பில் தரவரிசை வாக்குமுறையை, அதாவது தெற்குச்சிலுவை சொன்னது போல 1, 2, 3 என்று எண் இடும் முறையை, கொண்டுவந்தது. 2017-இல் மாநில உச்ச நீதிமன்றம், ஆளுநர் பொதுத் தேர்தலுக்கு இந்த முறை மாநில அரசியலமைப்போடு முரண்படுகிறது என்று கருத்துரைத்தது. சட்டமன்றம் முறையைத் தள்ளிப்போட முயன்றபோது மக்கள் மறுபடி கையொப்பம் திரட்டி, 2018 ஜூனில் இன்னொரு வாக்கெடுப்பில் அதைக் காப்பாற்றினார்கள். விளைவு: மத்திய தேர்தல்களுக்கும் பிரைமரிகளுக்கும் தரவரிசை உண்டு; எந்தத் தேர்தலால் இது பிறந்ததோ அந்த ஆளுநர் பொதுத் தேர்தலுக்கு இல்லை. 2018 நவம்பரில் இரண்டாம் காங்கிரஸ் தொகுதியில் முதற்சுற்றில் பின்தங்கியிருந்த ஜேரட் கோல்டன், இரண்டு சுயேச்சைகளின் சீட்டுகள் பிரிக்கப்பட்டபின் வென்றார். அந்த இரண்டு சுயேச்சைகளையும் யாரும் திட்டவில்லை. அதற்காகவே அந்த முறை தேவை என்பேன்.

எதிர்க்காற்றும் பலமாக வீசுகிறது. அலாஸ்கா 2020-இல் கட்சி வேறுபாடற்ற பிரைமரியையும் தரவரிசையையும் ஏற்றது. 2024-இல் அதை நீக்கும் முயற்சி ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில்தான் தோற்றது. அதே நாளில் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, ஆரிகன் ஆகிய மாநிலங்களின் வாக்காளர்கள் இத்தகைய சீர்திருத்தங்களை நிராகரித்தார்கள். மிசூரி தரவரிசையைத் தடைசெய்தது. முறை சிக்கலானது, எண்ணி முடிக்க நாளாகிறது என்ற குறைகளை நாம் ‘பழகினால் சரியாகிவிடும்’ என்று தட்டிக்கழிக்கக் கூடாது. வாக்களித்தவருக்குத் தன் சீட்டு எங்கே போனது என்று ஒரு நிமிடத்தில் விளக்க முடியவேண்டும். அந்த விளக்கத்தை நாம் இன்னும் சரியாகச் செய்யவில்லை.

கணக்கன்

மேய்ன் 2010 பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். மூன்றாமவர் என்று நான் எழுதியபோது என் மனத்தில் சுயேச்சைதான் இருந்தார். அந்தத் தேர்தலில் மூன்றாமவர் கட்சிக்காரர். என் நிலையை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: அதிபர் தேர்தலில், போட்டி நெருக்கமாக உள்ள மாநிலத்தில், இன்றைய விதியின்கீழ் சுயேச்சைக்கு வாக்களிக்குமாறு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மாநிலச் சட்டமன்றத்திலும், ஒரு கட்சி மட்டுமே ஆளும் தொகுதியிலும் நிலைமை வேறு. அங்கே பிரிப்பதற்கு எதிரணியின் ஓட்டே பெரும்பாலும் இருப்பதில்லை. எதிர்வேட்பாளர் இல்லாமலே உறுப்பினரானவர்கள் நம் சட்டமன்றங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வயல்வெளி

அந்த இடத்தில் நாமிருவரும் ஒரே பக்கம்தான், ஐயா.

தொடுவானம்

எல்லாருக்கும் நன்றி. கேள்வியோடு வந்தபோது என் மனத்தில் இருந்தது செனட்டும் அதிபர் பதவியும்தான். நூலக வாசலில் நின்றதை ஒரு பயிற்சி என்றே நினைத்திருந்தேன். சாண்டர்ஸ் 10 வாக்கில் வென்ற மேயர் தேர்தலையும், மெக்கோவனின் 439-ஐயும் படித்தபிறகு, அந்த அளவிலான தேர்தலில்தான் என்னைப் போன்ற ஒருவர் தம் கையால் எதையாவது மாற்ற முடியும் என்று தோன்றுகிறது.

எங்கள் வேட்பாளர் அடுத்த முறையும் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் தொகுதியில் கடந்த இரண்டு தேர்தல்களில் ஒரு கட்சிக்கு வேட்பாளரே இல்லை. கணக்கன் ஐயா சொன்ன வகைத் தொகுதிதான் இது. இம்முறை மனுத்தாளை எடுப்பதற்கு முன் பத்து வீடுகளில் மேசைப் பேச்சு நடத்துவதென்று நால்வர் பேசி முடித்திருக்கிறோம். வருபவர்கள் தம் வாக்காளர் பதிவு இப்போதைய முகவரியில் இருக்கிறதா என்று அங்கேயே கைப்பேசியில் சரிபார்த்துக்கொள்ளலாம். கவுண்டிக்கு ஒரு நிறத்தில் அட்டை வாங்கியாகிவிட்டது. தாளின் அடியில் உள்ள உறுதிமொழியைத் திரட்டியவர் நிரப்பியபின் இன்னொருவர் வாசித்துப் பார்த்துத் தம் முதலெழுத்தைப் பின்பக்கத்தில் பென்சிலால் இட வேண்டும் என்பதையும் விதியாக வைத்துக்கொண்டோம்.

தெற்குச்சிலுவை சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பேச்சுகளில் நீங்கள் கேட்ட கேள்விகளின் முழு வரிசையை இங்கே இட முடியுமா? முதல் கூட்டம் வரும் சனிக்கிழமை மாலை, எங்கள் வீட்டில்.